எட்டைப் பற்றியே பேசி ஏழை மறந்தோம்

ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டுமா, விட்டுவைக்க வேண்டுமா என்று கேட்டால் நம்மிடையே இரண்டு கட்சிகள் உடனே எழுந்து நிற்கின்றன. ஒரு கட்சி, ‘வலிக்கிறதோ இல்லையோ, இருபது வயதில் நான்கையும் எடுத்துவிடு, பின்னால் தொல்லை இல்லை’ என்கிறது. இதன் தலைமையகம் அமெரிக்காவில் இருக்கிறது. கிளைகள் நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளின் குளிரூட்டப்பட்ட வரவேற்பறைகளில் இருக்கின்றன. இன்னொரு கட்சி, ‘தானாக முளைத்ததை எதற்குத் தொட வேண்டும், வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறது. இதற்குத் தலைமையகம் தேவையில்லை; வீட்டுக்கு ஒரு பெரியவர் போதும். இரண்டு கட்சிகளும் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். நடுவில் நின்று சமரசம் பேசும் நோக்கம் எனக்கில்லை. இரண்டும் தவறான பல்லைப் பார்த்துக்கொண்டு சண்டையிடுகின்றன என்கிறேன்.

பல் மருத்துவர்கள் வாயை நான்காகப் பகுத்து, நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். முன்பல் ஒன்று. ஆறும் ஏழும் உணவை அரைக்கிற பெரிய கடைவாய்ப் பற்கள். ஆறு ஏறக்குறைய ஆறாம் வயதிலும், ஏழு பன்னிரண்டாம் வயதிலும் முளைக்கும். எட்டுதான் ஞானப்பல், பதினேழுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில், வந்தால் வரும். சச்சரவு முழுக்க எட்டைப் பற்றியது. ஈடு செய்ய முடியாத நட்டம் நேரும்போது அது விழுவது ஏழின் தலையில். (ஏழு என்ற சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்றால் ‘ஏழை’ ஆகிவிடுகிறது. சிலேடை என்னுடையதல்ல, இலக்கணம் செய்தது. ஆனால் கட்டுரையின் பிற்பகுதியில் அது வெறும் சிலேடையாக இருக்கப்போவதில்லை என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.)

பெயரிலிருந்தே கோளாறு தொடங்குகிறது. லத்தீனில் அது ஞானத்தின் பல். அரபியிலும் அறிவின் பல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசுகிறவர்கள் ‘அக்கல் தாட்’ என்பார்கள், பொருள் அதேதான். கொரிய மொழியில் காதல் பல்லாம். ஜப்பானியர் மட்டும் கொஞ்சம் விலகி நின்று, ‘பெற்றோர் அறியாதது’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அது முளைக்கும் வயதில் பெற்றோர் பார்வை பிள்ளையின் வாய்க்குள் இருப்பதில்லை அல்லவா. இருக்கிற பெயர்களில் அதுவே எனக்கு உவப்பானது, ஏனென்றால் அது ஒரு நோய்க்குறிப்பும்கூட. பெற்றோர் மட்டுமல்ல, பல்லுக்கு உரியவரும் அறியாமலே நடப்பவைதான் இங்கே எல்லாமும்.

நடப்பது என்ன? மனிதத் தாடை சுருங்கிவிட்டது. பல்லின் எண்ணிக்கை அதற்கேற்பக் குறையவில்லை. கீழ்த்தாடையின் எட்டுக்குப் பல நேரங்களில் நிமிர்ந்து எழ இடம் கிடைப்பதில்லை. முன்பக்கமாகச் சாய்ந்து, தலையை ஏழின் முதுகில் முட்டிக்கொண்டு, பாதி ஈறுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுவிடுகிறது. முட்டிய இடத்தில் ஓர் இடுக்கு உண்டாகிறது. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டு எழுந்தவருக்கு அந்த இடுக்கின் முகவரி நன்றாகத் தெரியும். சீரகச் சம்பா அரிசி வழுக்கிப் போய்விடும், ஆட்டிறைச்சியின் நார் போகாது. தூரிகை அங்கே எட்டாது. வாயைக் கொப்பளித்தால் வெளியேறாது. அடைந்ததை உண்டு கிருமிகள் அமிலம் சுரக்க, ஏழின் பின்சுவர், பெரும்பாலும் ஈறின் விளிம்பை ஒட்டி, அரிக்கத் தொடங்குகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போல ஓர் ஆழம் விழுந்து, ஏழைத் தாங்கும் எலும்பு தேயலாம். அரிதாக, எட்டு அழுத்துவதாலேயே ஏழின் வேர் கரைவதும் உண்டு.

இதில் கொடுமையான நுட்பம் ஒன்று இருக்கிறது. முட்டிக்கொண்டிருக்கிற எட்டு பல நேரங்களில் நலமாக இருக்கும். வலிக்காது. அரிப்பது ஏழுக்கு, அதுவும் அரிப்பு நரம்புக்கூழை எட்டும்வரை பெரிதாகச் சொல்லிக்கொள்ளாது. வலி என்ற செய்தி வந்து சேரும்போது, சாதாரணமாக அடைத்துக் காப்பாற்றும் கட்டம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். ‘வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது, தந்தி வந்த பிறகு நோயாளியைப் பார்க்கக் கிளம்புவது போன்றது.

ஆனால் இதையே காட்டி எல்லா எட்டுகளையும் பிடுங்கச் சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் அவர்களிடம் படிப்பும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. முதலில் ஒரு பழைய பொய்யைக் கழித்துவிடுவோம். ‘ஞானப்பல் முன்பற்களைத் தள்ளி வரிசையைக் கோணலாக்கிவிடும், அதனால் எடுத்துவிடலாம்’ என்று இன்றைக்கும் பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. 1979ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடே, முன்பல் நெரிசலைத் தடுக்க எட்டைப் பிடுங்குவதற்கு ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது. 1998ல் பிரிட்டனில் வெளியான, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. வயதாக ஆக முன்பற்கள் நெருங்குவது எட்டு இல்லாதவர்களுக்கும் நடக்கிறது. கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பொய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் பிடுங்கப்படுகின்றன என்று ஜே ஃபிரீட்மன் 2007ல் கணக்குச் சொன்னார். அவர் வெளியாள் அல்லர், பல் மருத்துவரே. அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது தேவையற்றவை என்றும், இது பொதுச் சுகாதாரத்துக்கு ஒரு தீங்கு என்றும் எழுதினார். கீழ் எட்டின் வேர்களுக்கு அருகில் உதட்டுக்கும் நாக்குக்கும் உணர்ச்சி தரும் நரம்புகள் ஓடுகின்றன. நூற்றில் ஒருவருக்கும் குறைவானோருக்கே அந்த மரத்துப்போதல் நிரந்தரமாகிறது என்பது உண்மைதான். ஆனால் நோயே இல்லாத பல்லுக்காக உதட்டின் ஒரு பாதியை இழந்தவரிடம் போய் சதவீதக் கணக்குச் சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், எட்டை வெட்டியெடுக்கும் அறுவையே சிலருக்கு ஏழின் பின்புறத்து எலும்பில் பள்ளத்தை விட்டுச்செல்கிறது. காக்கப் போனவர்களே காயப்படுத்திவிட்டு வருகிறார்கள்.

இவர்கள் ஏந்தியிருக்கிற கொடியில் எழுதப்பட்டிருக்கும் சொல் ‘முன்னெச்சரிக்கை’. அந்தச் சொல்லை வேலூர்க்காரர்களிடம் அவ்வளவு மலிவாக விற்க முடியாது. இந்திய சுற்றுச்சூழல் சட்டத்துக்குள் அது தீர்க்கமாக நுழைந்த வாசல் இந்தத் தோல் பட்டைதான். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய முப்பத்தைந்து லிட்டர் நீர் செலவாகிறது என்பதையும், தோல் பட்டையில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்பதையும் தீர்ப்பு பதிவு செய்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்துகிறவரே இழப்புக்குப் பொறுப்பு என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்தது.

சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்தத் தீர்ப்பை நம் பல் விவகாரத்துக்கு இழுத்து வருவது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னெச்சரிக்கை என்றால் என்ன என்பதை அது தெளிவாகப் பிரித்து வைத்தது. மீளமுடியாத கடுமையான சேதம் நேரக்கூடும் என்னும்போது, அறிவியல் உறுதி இல்லை என்று சாக்குச் சொல்லித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. அது ஒரு பகுதி. தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் சுமை, செயலைச் செய்பவர் மேலேயே இருக்கிறது. அது இன்னொரு பகுதி. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் செயலைச் செய்பவர் யார்? குறடு ஏந்தியவர். அப்படியானால் இந்த எட்டு இந்த ஏழைக் கெடுக்கிறது, அல்லது கெடுக்கும் நிலையில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று காட்டும் கடமை அவருடையது. ‘பின்னால் ஏதாவது வரலாம்’ என்பது நிரூபணம் ஆகாது. பின்னால் ஏதாவது வரலாம் என்பது உயிரோடிருக்கும் எல்லாருக்கும் பொருந்தும்.

முதற்பகுதி மற்றக் கட்சிக்கு. ‘வலியில்லை, ஆதலால் தொடாதே’ என்பவர்களுக்கு பிரிட்டன் ஒரு பெரிய பாடசாலை. அங்கே நைஸ் எனப்படும் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் 1999ல் தொடங்கப்பட்டது. 2000 மார்ச்சில் அது வெளியிட்ட முதல் தொழில்நுட்ப மதிப்பீடே ஞானப்பல்லைப் பற்றியது. நோயற்ற, புதைந்த எட்டுகளை இனிப் பிடுங்கக் கூடாது என்றது. அன்றிருந்த நிலையில் நியாயமான முடிவு. வீண் அறுவைகள் மளமளவென்று குறைந்தன. ஆனால் ‘பிடுங்காதே’ என்ற பாதிதான் ஊருக்குள் பரவியது. ‘கவனித்துக்கொண்டே இரு’ என்ற மறுபாதிக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை. 2012ல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் மெக்கார்டிலும் ரென்டனும் பத்தாண்டுக் கணக்கை எடுத்து எழுதினார்கள். குறைந்த எண்ணிக்கை மறுபடி ஏறியிருந்தது. அறுவைக்கு வருவோரின் சராசரி வயது 25லிருந்து 30க்கு மேல் போயிருந்தது. சொத்தையைக் காரணமாகக் கொண்டு வந்தவர்கள் கூடியிருந்தார்கள். வயது ஏற ஏற எலும்பு இறுகுகிறது, அறுவை கடினமாகிறது, ஆறுவதும் தாமதமாகிறது. ஆக, அறுவை பலருக்குத் தவிரவில்லை, தள்ளிப்போடப்பட்டது; தள்ளிப்போட்ட ஆண்டுகளுக்கான வட்டியைக் கட்டியது ஏழு.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத் துறை பாஸ்டனில் நடத்திய நெடுங்கால ஆய்வொன்று இதற்கு வலு சேர்க்கிறது. நானூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களின் வாய்களை இருபத்தைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்துச் சேர்த்த தரவுகள் 2013ல் வெளியாயின. எட்டு இல்லாதவர்களின் ஏழுக்குத்தான் நோய் மிகக் குறைவு. முழுதாக முளைத்த எட்டு அபாயத்தை ஓரளவு கூட்டியது. ஈறு மூடிய, பாதி முளைத்த எட்டு இருந்த இடத்தில் ஏழுக்கு அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. எல்லாரும் ஆண்கள், ஒரே ஊர். ஆகவே இதை வேதவாக்காகக் கொள்ள முடியாது. உலக ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2020ல் மறுபடியும் பரிசீலித்துவிட்டு, நோயற்ற எட்டை எடு என்றோ விடு என்றோ அறுதியிட்டுச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. கவனியுங்கள், சான்று போதாது என்பது ஆபத்து இல்லை என்பதாகாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல்தான் பாலாற்றில் பல ஆண்டுகள் போயின.

எல்லா எட்டும் ஒன்றல்ல. அவ்வளவுதான் இந்த ஆய்வுகளின் சாரம். நிமிர்ந்து முளைத்து, எதிர்ப்பல்லோடு பொருந்தி, தூரிகை எட்டும் இடத்தில் நிற்கும் எட்டைத் தொட வேண்டியதில்லை. எலும்புக்குள் முழுதாகப் புதைந்து, ஏழிலிருந்து விலகிக் கிடப்பதையும் பெரும்பாலும் தூங்கவிடலாம். சாய்ந்து, முட்டி, பாதி வெளியே தலைகாட்டி நிற்கிறதே, அது மட்டும்தான் வழக்கில் பிரதிவாதி. இதைப் பிரித்தறியத் தேவை ஓர் எக்ஸ்ரே படமும், அதைக் காட்டி நேர்மையாகப் பேசுகிற ஒரு மருத்துவரும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நான் அறிந்த ஒருவர், தன்னிடம் வருபவர்களில் பலரை ‘அடுத்த ஆண்டு வாருங்கள்’ என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவார். அவருடைய வரவேற்பறையில் குளிரூட்டி கிடையாது.

இப்போது சிலேடைக்கு வருகிறேன்.

வேலூருக்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி நோயாளிகள் வருகிறார்கள். 1900ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று ஒரு நகரத்தையே தாங்கும் மருத்துவமனை. காட்பாடி நிலையத்தில் இறங்குவோரின் கையிலிருக்கும் எக்ஸ்ரே உறைகளைப் பார்த்தாலே இந்த ஊரின் பெருமை புரியும். அங்கிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் ஆம்பூர். விடிகாலையில் கிராமங்களிலிருந்து நிறுவனப் பேருந்துகள் பெண்களை ஏற்றிக்கொண்டு காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகின்றன. தையல் வரிசையில் ஒருவர் எழுந்தால் அடுத்தவர் கையில் வேலை நிற்கும். அந்த வரிசையில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்திக்குக் கடைவாயில் ஈறு வீங்குகிறது. அவள் செய்வது என்ன? மருந்துக் கடையில் சொல்லி இரண்டு மாத்திரை. இரவில் கிராம்பு எண்ணெய் தொட்ட பஞ்சு. மூன்று நாளில் வீக்கம் வற்றிவிடும். நான்கு மாதம் கழித்து மறுபடி வீங்கும், மறுபடி மாத்திரை. எட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏழின் பின்சுவர் போய்க்கொண்டிருக்கிறது.

இருபத்தெட்டு வயதில் தாங்க முடியாமல் அவள் மருத்துவரிடம் போகும்போது அவர் உண்மையைச் சொல்வார்: வேர்ச் சிகிச்சை செய்து, மேலே உறை போட்டால் ஏழைக் காப்பாற்றலாம். அதற்கு மூன்று, நான்கு முறை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். உறைக்குத் தனிச் செலவு. பிடுங்கினால் ஒரே நாள். அவள் கணக்குத் தெரிந்தவள், பிடுங்கச் சொல்லிவிடுகிறாள். இதை அறியாமை என்று எழுதுகிறவர்களை நான் மதிப்பதில்லை. அவளுக்கு முன் வைக்கப்பட்ட தேர்வில் அவள் எடுத்தது சரியான விடை. தவறு, அந்தத் தேர்வை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வேறு விதமாக வைக்காதவர்களுடையது.

இதுவே வசதி உள்ள வீடென்றால், அதே வயதுப் பெண்ணுக்கு மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் முன் நான்கு எட்டுகளும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே அமர்வில் எடுக்கப்பட்டிருக்கும். ஆக, இருப்பவர்கள் தேவையில்லாமல் எட்டை இழக்கிறார்கள், இல்லாதவர்கள் தேவையில்லாமல் ஏழை இழக்கிறார்கள். எட்டை இழந்தவர் உண்பதில் ஒன்றும் குறையாது. ஏழை இழந்தவருக்கு அரைக்கும் பரப்பில் ஒரு பெரிய துண்டு போயிற்று. எதிர்ப்பல் மெல்ல இறங்கலாம், சுமையெல்லாம் ஆறுக்கு வரும். இரு கட்சிகளின் விவாதத்தில் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு வரி நான் படித்ததில்லை.

‘ஆறே செத்துக் கிடக்கிறது, நீர் பல்லைப் பற்றிப் பேசுகிறீரே’ என்று ஒரு நண்பர் கேட்டார். (அவர் சொன்னது பாலாற்றை; பல் வரிசையின் ஆறை அல்ல.) நியாயமான கேள்விதான். 1996ன் தீர்ப்புக்குப் பிறகும் பாலாற்று மாசுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், பல் சிறிய விஷயம்தான். ஆனால் இந்த மண்ணில் தொழிலாளியின் உடல் எப்போதும் துண்டு துண்டாகத்தான் பார்க்கப்பட்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குரோமியப் புண்ணை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எனவே தோல் பதனிடுபவரின் கைக்கும் மூக்குக்கும் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. அதே முகத்தில் மூக்குக்கு ஓர் அங்குலம் கீழே வாய் இருக்கிறது என்பது யார் நினைவுக்கும் வரவில்லை.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையொட்டி, நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடற்பரிசோதனை என்று அரசு அறிவித்தது. நாற்பது! இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அந்த வயது பொருந்தலாம். கடைவாயின் கதை அதற்குப் பத்து, பதினைந்து ஆண்டு முன்பே முடிந்துவிடுகிறது. காலணித் தொழிற்சாலைகளில் சேருகிறவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வருகிறவர்கள். அதாவது எட்டு முளைக்கிற வயதிலேயே வருகிறவர்கள். வேலைக்குச் சேர்க்கும் அன்று உயரம் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், கண் பார்க்கிறார்கள். அன்றைக்கே தாடையை ஒரு படம் எடுத்து, முட்டிக்கொண்டு நிற்கும் எட்டு உள்ளவர்களை மட்டும் பிரித்து, அவர்களுக்குக் கூலி பிடிக்காமல் ஒரு நாள் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? ஏற்றுமதிக்குப் போகும் ஒரு காலணியில் தையல் ஒன்று பிசகினால் கண்டுபிடிக்க வரிசையின் முடிவில் ஆள் வைத்திருக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு, அதாவது இதைப் படிக்கிற, மருத்துவரிடம் கேள்வி கேட்கும் துணிவும் நேரமும் உள்ள நமக்கு, வேலை எளிது. அடுத்த முறை யாராவது நான்கையும் எடுத்துவிடலாம் என்றாலோ, ஒன்றும் வேண்டாம் போங்கள் என்றாலோ, படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஏழின் பின்சுவரைக் காட்டச் சொல்லுங்கள்.